மன அமைதி மூலை

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில், தோல் வெட்டும் பிரிவில் ஃபீபிக்குப் பதினோரு வருட சர்வீஸ். அவள் மெஷினுக்குப் பின்னால் சுவரை ஒட்டிக் காற்று கம்ப்ரஸர் இருந்தது. இரண்டு வருடமாக அதன் வால்வு கசிந்து நாள் முழுக்கச் சீறியது. வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சீறல் காதை விட்டுப் போகவில்லை. வேலூரில் காது டாக்டர் பார்த்துவிட்டு, "நரம்பு பாதிச்சிருக்கு, இரைச்சல் பக்கம் போகாதீங்க" என்றார். போகாமல் எப்படிப் பிழைப்பது என்று அவர் சொல்லவில்லை.

தூக்கம் போயே போனது. மெல்லிய சத்தங்களாலேயே தூங்க வைக்கும் ஏஎஸ்எம்ஆர் வீடியோவை அக்கா மகள்தான் செல்போனில் காட்டினாள். முகம் தெரியாத ஒருத்தி மைக் அருகே கிசுகிசுப்பாள், துணி மடிப்பாள், சீப்பின் பற்களை விரலால் வருடுவாள். முதலில் ஃபீபிக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்றாம் நாள் வீடியோ முடிவதற்குள் தூங்கிவிட்டாள். காதுக்குள் இருந்த சீறலை அந்த மெல்லிய சத்தம் ஏதோ கொஞ்சம் அமுக்கி வைத்தது. அதன்பிறகு அது இல்லாமல் அவள் படுத்ததில்லை.

மார்ச் மாதம் எச்.ஆர். மேனேஜர் கிறிஸ்துராஜிடம் நான்காவது தடவையாகப் போய் நின்றாள்.

"சார், அந்த வால்வை மாத்துங்க. இல்ல, இயர் ப்ளக்காவது குடுங்க. வீடியோ போட்டாதான் தூக்கமே வருது."

"இன்னா வீடியோம்மா?"

கூச்சத்தோடு சொன்னாள். அவர் டைரியில் குறித்துக்கொண்டார். இந்தத் தடவை வேலை நடந்துவிடும் என்று நம்பினாள்.

அடுத்த மாதம் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் நீலத் திரை தொங்கியது. உள்ளே சாய்வு நாற்காலி, டேப்லட், ஹெட்போன். 'மன அமைதி மூலை' என்று போர்டு. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்காகக் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வரப்போகிறது, ஆளுக்குப் பத்து நிமிஷம் அங்கே உட்காரலாம் என்றார்கள். "நம்ம ஃபீபி குடுத்த ஐடியா" என்று கிறிஸ்துராஜ் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். கம்ப்ரஸர் சீறிக்கொண்டே இருந்தது.

பக்கத்து மெஷின் அஜீஸுன்னிசா வாய்விட்டே சொன்னாள்: "நீ மருந்து கேட்ட, அவங்க உன் வியாதியைக் கண்காட்சி வச்சிருக்காங்கடி."

ஃபீபி தவித்துத் தவித்துத் தானே கண்டுபிடித்த ஓர் ஆறுதல் அது. அதைத் தூக்கி ஆடிட்டுக்காகப் போர்டு மாட்டிவிட்டார்கள்.

ஆடிட் அன்று அவளையே நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார்கள். சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மா குனிந்து, "நல்லா இருக்கா?" என்று கேட்டார். கிறிஸ்துராஜ் போட்டோவுக்குச் செல்போனைத் தூக்கினார்.

ஃபீபி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நல்லாதான் மேடம் இருக்கு. வீட்டுல தினம் இதைக் கேட்டுட்டுதான் தூங்குறேன். ஏன் கேக்குறேன்னு தெரியணும்னா என் மெஷின் பக்கம் வந்து அஞ்சு நிமிஷம் நில்லுங்க."

"ஃபீபி, அதெல்லாம் அப்புறம்..." என்றார் கிறிஸ்துராஜ்.

"அப்புறம் அப்புறம்னு ரெண்டு வருஷம் ஆச்சு சார். என் காது போச்சு."

ஆடிட்டர் மெஷின் பக்கம் வந்து நின்றார். இரண்டாவது நிமிஷமே காதைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே, "இங்க யாருக்கும் இயர் ப்ளக் இல்லையா?" என்று கத்திக் கேட்டார். ஃபீபி இல்லை என்று தலையாட்டினாள். அவர் எழுதிக்கொண்டு போனார்.

நான்கே நாளில் வால்வு மாறியது. இரண்டு வருடம் கெஞ்சியும் நடக்காத வேலையை முடிக்க ஃபிட்டருக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் சூப்பர்வைசர் தபரேஸ் ஒரு பெட்டி இயர் ப்ளக்கும் ரிஜிஸ்டரும் கொண்டுவந்தார். ஃபீபி கையெழுத்துப் போடக் குனிந்தாள். தேதிக் கட்டத்தில் போன வருட ஜூன் மாதம் முன்கூட்டியே எழுதியிருந்தது.

"இன்னா சார் இது?"

"மேல சொன்னாங்க. போன வருஷமே குடுத்துட்டோம்னு ஆடிட்டுக்குப் பதில் அனுப்பணுமாம். போட்டுடும்மா, எதுக்குப் பேஜாரு?"

"ஜூன்லயே குடுத்திருந்தா என் காது ஏன் சார் இப்படி ஆகுது?"

அவள் அந்தத் தேதியைக் குறுக்கே அடித்தாள். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி அன்றைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தபரேஸ் தடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

ரிஜிஸ்டர் அஜீஸுன்னிசாவிடம் போனது. அவளும் அந்த ஜூனைக் குறுக்கே அடித்தாள்.