நோன்பு முடியட்டும்

இதெல்லாம் இந்த வரிசையில்தான் நடந்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. என்னோடு வேலை பார்த்த ருக்ஸானா இதை இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டும் ஒன்றுபோல் இல்லை. நான் நினைவில் வைத்திருப்பதிலும் பிழை இருக்கலாம். ஆனால் அவளுடைய சாச்சா, அப்பாவின் தம்பி தன்வீர், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்தபோது, அவள் கையில் அரிசி களைந்த ஈரம் இருந்தது என்பதை இரண்டு முறையும் சொன்னாள்.

“ருக்கு, அண்ணனோட ஆதார் போட்டோ இருக்குதா? அனுப்பும்மா. இங்க கேக்கறாங்க.”

“எதுக்கு சாச்சா? வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்களா?”

அவர் பேச்சை மாற்றினார். “அம்மா என்ன பண்ணுது?”

“தொழுதுக்கினு இருக்குது.”

“தொழட்டும். முடிச்ச பிறகு சொல்லு.”

எதைச் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனில் அத்தாவின் ஆதார் அட்டையைத் தேடினாள். எங்கே என்று தெரியும், ஆனாலும் கிடைக்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் எடுத்த படம். கொரோனா ஊசிக்குப் பெயர் பதிவு செய்வதற்காக எடுத்தது. படங்களை விட்டு குறுஞ்செய்திகளுக்குள் போய்விட்டாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அங்கே அந்தச் செய்தி இருந்தது. ஏப்ரல் 16, மதியம் ஒன்று நாற்பது. ஹபீபுல்லா என்ற பெயரில் செய்த முன்பதிவு ரத்து செய்யப்பட்டது.

அப்போதுதான், சாச்சா என்ன சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தது.

அத்தா ஹபீபுல்லா காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவர். வயது அறுபத்தொன்று. ஊசி வேண்டும் என்று அவராகத்தான் கேட்டார். “அது என்னம்மா, ஊசிக்கும் சினிமா மாதிரி டிக்கெட் எடுக்கணுமாமே? எனக்கும் ஓரமா ஒரு சீட்டு பாரு.” அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். போன் நம்பரைப் போட்டால் ஆறு இலக்க எண் வரும். மூன்று நிமிடத்துக்குள் அதைத் தட்டவேண்டும். அட்டையில் இருக்கிறபடியே பெயர், பிறந்த வருடம். பிறகு பின்கோடு. எல்லா இடமும் சிவப்பாக, நிரம்பிவிட்டதாகக் காட்டியது. மூன்றாம் நாள் ஒரே ஓர் இடம் பச்சையாக வந்தது. பதினேழாம் தேதி, சனிக்கிழமை, பத்து மணி. அவள் அழுத்திவிட்டாள். “கெட்டிக்காரிதான்” என்றார்.

அது நான்காம் நோன்பு.

ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊசியால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். காய்ச்சலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாற்பது வருடத்தில் அத்தா ஒரு நோன்பு விட்டதில்லை. சிறுநீரகக் கல்லோடு சுருண்டு படுத்திருந்த வருடமும் விடவில்லை. வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் போனை எடுத்து ரத்து செய்தாள். பெருநாள் முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஒரு மாதம்தானே என்று நினைத்தாள். அத்தா திரும்பி வந்தார்.

“மருந்து ஸ்டாக் இல்லையாம் அத்தா.”

“சரி. வரும்போது வரட்டும்.”

ஏன் பொய் சொன்னாள்? நோன்புக்காக என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார், போய்த்தான் போட்டுக்கொண்டிருப்பார். அது அவளுக்கு அப்போதே தெரியும்.

அடுத்த வாரத்திலிருந்து எந்த இடமும் பச்சையாகவில்லை. தினமும் நோன்பு திறந்து, பேரீச்சம்பழக் கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்பார். “இன்னைக்கு ஏதாவது பச்சை வந்துச்சாம்மா?” பதினெட்டாம் நோன்பன்று கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு மனைவியிடம், “என்ன ஜோஹரா, பூண்டு போட மறந்துட்டியா, எனக்குப் போட மனசில்லையா?” என்றார். ஜோஹரா கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். வீடெல்லாம் பூண்டு வாசனையாக இருந்தது. சில நாளில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

போன் வந்த அன்று, தொழுகையை முடித்து ஜோஹரா பாயை மடித்தாள். மகளைப் பார்த்தாள். மடித்த பாயை மறுபடி பிரித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஹபீபுல்லாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அடக்கம் செய்ய நேராகக் கபர்ஸ்தானுக்கு. பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. போகலாம் என்றாலும் முடியாது, தொற்று வந்த வீடென்று வாசலில் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். தன்வீர் நாற்பது விநாடி ஓடும் ஒரு வீடியோ அனுப்பினார். வெள்ளை பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட நான்கு பேர், வெள்ளைப் பொட்டலம் ஒன்று, கயிறு. அது அத்தாதான் என்று எப்படி நிச்சயம் செய்துகொள்வது என்று ருக்ஸானா யோசித்தாள். அம்மாவுக்குக் காட்டவில்லை.

சாயங்காலம் பின்தெருவில் தறி வைத்திருக்கும் அம்சவேணி தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“ஜோஹராக்கா, ரசமும் சோறும் தகரத்துல மாட்டியிருக்கேன். தூரமா நின்னுக்கினு பேசறேன், கோச்சிக்காத.”

“கோவம் என்னம்மா.”

“அந்த ஊசியாவது போட்டிருக்கலாமேக்கா.”

“பேர் போட்டாரும்மா. மருந்து வரலன்னுட்டாங்க.”

உள்ளே ருக்ஸானா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் தன்வீர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். “அண்ணி, செவிலிமேட்டுப் பக்கம் ஸ்கூல்ல ஊசி போடறாங்க. ருக்கு உங்க பேரைப் போட்டிருக்குது. நாளன்னிக்கு.”

ஜோஹரா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கும் காலம்.

“இத்தா முடியட்டும் தம்பி.”

“உசுருக்குன்னா போவலாம். ஹஜ்ரத்தைக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

“முடியட்டும். எங்க ஓடிப்போவப் போறேன்?”

“உங்களுக்கு சக்கரை வேற இருக்குது.”

“நாப்பது நாளா இருந்த சக்கரைதான. இன்னும் மூணு மாசம் இருக்கட்டும்.”

தன்வீர் ருக்ஸானாவைப் பார்த்தார். நீ பேசு என்பது போல. டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ருக்ஸானா அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அம்மாவை அனுப்ப வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

“ஸ்டாக் இருந்துச்சும்மா.”

ஜோஹரா நிமிரவில்லை.

“அத்தாவோடத நான்தான் கேன்சல் பண்ணேன். ஜுரம் வந்தா நோன்பு போயிடும், நோன்பு முடியட்டும்னு. அவருகிட்ட பொய் சொன்னேன். இப்ப நீயும் முடியட்டும் முடியட்டும்ங்கற.”

ஜோஹரா முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

“நான் சொல்லித்தானடி பண்ண.”

“நீயா?”

“அரிசி பொடச்சிக்கினு இருந்தேன். நோன்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். நீ சரின்ன.”

ருக்ஸானா யோசித்தாள். அந்த வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்று நாற்பது. அம்மா வீட்டில்தான் இருந்தாள். முறம் இருந்ததா? போனின் வெளிச்சம் நினைவிருக்கிறது, ‘நிச்சயமாகவா’ என்று அது கேட்டது நினைவிருக்கிறது, கட்டைவிரல் நினைவிருக்கிறது. அம்மாவின் குரல் இல்லை. ஆனால், நோன்பு முடியட்டும் என்ற சொற்களை அவள் எங்கிருந்து எடுத்தாள்?

“அன்னைக்கு அம்சவேணி அக்காகிட்ட மருந்து வரலன்னு சொன்னியேம்மா.”

“வேற என்னடி சொல்லச் சொல்ற?”

ஜோஹரா கையை ஊன்றி எழுந்தாள். தன்வீர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டீயை எடுத்துக்கொண்டு சமையலறை வரை போனாள். அங்கிருந்தபடியே கேட்டாள்.

“எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?”

அந்த சனிக்கிழமை ஜோஹரா கறுப்பு புர்காவில் ஆட்டோவில் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. இரண்டாவது ஊசி, இத்தா முடிய நான்கு நாள் இருக்கும்போது வந்தது. அதற்கும் போனாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அண்ணனின் அட்டைப்பெட்டி வேலையைத் தன்வீர் எடுத்து நடத்துகிறார். அம்சவேணி குடும்பம் திருப்பருத்திக்குன்றம் பக்கம் வீடு மாறிவிட்டது. ருக்ஸானா கல்யாணமாகி வாலாஜாபாத்தில் இருக்கிறாள். அன்று பேசியதை அம்மாவும் மகளும் பிறகு பேசவே இல்லை. ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு ஒரு வாரம் முன்பு, சர்க்கரை மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது, நோன்பு வைக்கலாமா கூடாதா என்று கேட்க ஜோஹரா டாக்டரிடம் போகிறாள். ருக்ஸானாவும் கூடப் போகிறாள். டாக்டரின் அறைக்குள் ஜோஹரா அவளைக் கூப்பிடுவதில்லை. கதவைச் சாத்திக்கொள்வாள். ருக்ஸானா வெளியே பெஞ்சில், அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.