கால் முன்னால் போன கட்டில்

எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் ரத்தக்கொதிப்பு என்று கீழே ஆஸ்பத்திரியில் ஒரு நம்பிக்கை உண்டு. மலையிலிருந்து யாரைக் கொண்டுபோனாலும் முகம் செக்கச்செவேலென்று இருக்கும், கண் பிதுங்கியிருக்கும், போனதும் வாந்தி எடுப்பார்கள். நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றுவதற்கு முன்பே மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார். வயிற்றுவலி என்று போனவனும் பி.பி. மாத்திரையோடுதான் திரும்புவான். ஏன் இப்படி என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

ஊர் பெயர் மேல்பண்டை. பாலசமுத்திரம் பக்கத்து மலைமேல் இருக்கிறது. எங்கள் தாத்தாக்களுக்குக் கையகல நிலம்கூட இருந்ததில்லை. சர்க்கார் பட்டா கொடுத்தபோது கீழே இருந்த நிலத்துக்கெல்லாம் ஆள் இருந்தது. மேலே இருந்ததை வேண்டாம் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அப்படித்தான் மேலே வந்தோம். யானை விட்டுவைத்தால் கேழ்வரகும் வேர்க்கடலையும் விளையும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ரோடு சாங்ஷன் ஆகிவிட்டது என்று வந்து சொல்வார்கள். நாங்களும் கைதட்டுவோம். கைதட்டினால் நமக்கு என்ன நஷ்டம்.

ரோடு வரும்வரை நோயாளியைக் கயிற்றுக்கட்டிலில் போட்டு, மூங்கில் கட்டி, நாலு பேர் தோளில் இறக்குகிறோம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பிணம் என்றால் கால் முன்னால் போகும், உயிரோடு இருப்பவர் என்றால் தலை முன்னால். சமதரையில் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சமதரை கிடையாது. செங்குத்தான இறக்கத்தில் தலை முன்னால் போகிறவனுக்குத் தலை கீழே, கால் மேலே. அடிவாரம் வரைக்கும் அப்படியேதான். அந்த ரத்தக்கொதிப்பு இதுதான்.

இந்த முறையை எல்லோரையும்விட இறுக்கிப் பிடித்துக்கொண்டவர் என் அண்ணி கமலம்மா. அதற்குக் காரணம் இருக்கிறது. என் அண்ணன் பாலையாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தலை முன்னால் வைத்து இறக்கினோம். நானும் ஒரு தோள். அண்ணி பின்னால் நடந்து வந்தார். ஆலமரத்து வளைவில் அண்ணன் மூச்சு நின்றுவிட்டது. அண்ணியிடம் சொல்ல எங்களில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. கட்டிலைத் திருப்பாமல் நாங்கள் மட்டும் திரும்பி மேலே ஏறத் தொடங்கினோம். அதுவரை விலகிப் போய்க்கொண்டிருந்த கட்டில், கால் முன்னால், அவரை நோக்கி வந்தது. இரண்டு பாதங்களைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

அண்ணியின் மருமகள் தேவயானி, பாகாலாக்காரி. ரயிலும் சமதரையும் பார்த்து வளர்ந்த பெண். தலைப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் தாய்வீடு போவதாக இருந்தது. வலி அதற்குள் வந்துவிட்டது. அவள் புருஷன் தீனா திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறான். சிக்னல் வரும் பாறைமேல் ஏறி அவனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டு வந்தேன். கட்டில் தயாராக இருந்தது. தேவயானி மட்டும் படுக்க மறுத்து நின்றுகொண்டிருந்தாள்.

"காலு முன்னாடி வச்சித் தூக்குங்க மாமா. போன மாசம் செக்கப்புக்குத் தல முன்னாடி போனதுலயே மூச்சு நின்னுச்சி. இப்ப வயிறு நெஞ்சு மேல ஏறிக்கினு வருது. கீழ போறதுக்குள்ள நானும் போய்டுவன், புள்ளையும் போய்டும்."

"எம் மருமவ காலு முன்னாடி போறத என்னால பாக்க முடியாது" என்றார் அண்ணி. "என்னக் கொன்னுட்டு அப்பால தூக்குங்க."

"பாக்காதீங்க. முன்னாடி நடங்க. திரும்பவே திரும்பாதீங்க."

"நீ உசுரோட கீறியா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பேசிக்கினே வரேன்."

"அடிவாரம் வரைக்கும் இன்னாத்தடி பேசுவ?"

தேவயானி வலியோடு கொஞ்சம் யோசித்தாள். "உங்களத் திட்டிக்கினே வரேன் அத்த. அதுக்கு நெறைய கீது."

அண்ணி எல்லோர் முகத்தையும் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி. சத்தமா திட்டு" என்றார்.

முன்தோளில் முனுசாமியும் திருமலையும், பின்தோளில் ரமணாவும் நானும். அண்ணி கட்டிலுக்கு முன்னால் விறைப்பாக நடந்தார். தேவயானி தொடங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த சரக்கு. குழம்பில் புளியைக் கொட்டி வாயெல்லாம் கூசுகிறது என்றாள். சீரியலில் நல்ல இடம் வரும்போதுதான் மாமியாருக்கு டிவியை அணைக்கத் தோன்றுகிறது என்றாள். தீனா போன் செய்தால் புருஷன் பெண்டாட்டி பேச்சை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறார் என்றாள்.

"அப்பறம்?" என்பார் அண்ணி, திரும்பாமல்.

"அப்பறம், முட்டைய ஒளிச்சி வச்சி உங்க புள்ள வந்தா மட்டும் எடுக்கறீங்க. நான் துன்னா தொண்டைல எறங்காதா?"

முனுசாமிக்குச் சிரிப்புத் தாங்காமல் கால் இடறியது. நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். அண்ணியை இப்படிப் பேச எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இருந்ததில்லை. சுமை தெரியாமல் பாதி மலை இறங்கிவிட்டோம்.

ஆலமரத்து வளைவில் குரல் நின்றது.

அண்ணியும் நின்றார். "ஏய். இன்னாடி?"

தேவயானிக்குப் பெரிய வலி; பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்தோளில் இருந்த எனக்கு அது தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறாள் அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதே வளைவு, அதே தோள். எனக்கு அன்றும் வாய் வரவில்லை, இன்றும் வரவில்லை.

"தேவயானி!"

அண்ணி திரும்பிவிட்டார். அவருக்கு எதிரே இரண்டு பாதங்கள். அன்று அண்ணனின் முகம் பள்ளத்தில் இருந்தது, கால்கள்தான் தெரிந்தன. இன்று கால் பள்ளத்தில், தலை மேட்டில். பாதங்களுக்கு மேலே வயிறு, வயிற்றுக்கு மேலே வியர்த்து வழியும் ஒரு முகம், நன்றாகத் திறந்த கண்களோடு அவரையே முறைத்துக்கொண்டிருந்தது.

வலி விட்டது. தேவயானி மூச்சு வாங்கினாள். "மோருன்னு சொல்லிக்கினு வெறுந்தண்ணி ஊத்தறீங்க" என்றாள்.

அண்ணி வழியிலேயே உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கட்டிலைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அடிவாரம் வரை அண்ணி நாலடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதில் எங்களுக்குத்தான் நேரம் பிடித்தது.

ஆம்புலன்ஸில் இருந்த பெண் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "நிஜங்கா கொண்ட மீத நுஞ்சேனா?" என்று தெலுங்கில் கேட்டாள். நிஜமாகவே மலைமேலிருந்துதான் என்று நாங்கள் நால்வரும் சத்தியம் செய்தோம். எடுத்து வைத்திருந்த மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டாள். சாயங்காலம் சித்தூரில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, உயிரோடு இருப்பவர்கள் இனிமேல் கால் முன்னால்தான் இறங்குவது என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தோம். முனுசாமி ஒரு சந்தேகம் கேட்டான். அப்படியானால் பிணத்தை எப்படித் தூக்குவது, வித்தியாசம் தெரிய வேண்டாமா என்றான். நியாயமான கேள்விதான்.

அண்ணி மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "செத்தவங்களத் தல முன்னாடி வச்சித் தூக்குங்க. அவங்களுக்கு இன்னா மயக்கமா வரப்போவுது?" என்றார். பிறகு, "என்ன மட்டும் காலு முன்னாடியே எறக்குங்க. எதிர்ல கீறவங்களுக்கு மூஞ்சி தெரியணும்" என்றார்.

தேவயானி குழந்தையை வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"நான் முன்னாடி நடக்கறேன் அத்த. நீங்க திட்டிக்கினே வாங்க."