ஆக்சிலேட்டர் கயிறு

டெரிக்குக்கு அன்று சாயந்திரத்துக்குள் ஒரு பழைய வண்டி வேண்டும். ஓட்டுவதற்கு அல்ல, ஒழிப்பதற்கு. அவன் வேலை பார்த்த ஷோரூமில், பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கிற ஆட்கள் மாதத்துக்கு எட்டுப் பேரைப் பிடித்துக் காட்ட வேண்டும். ஏழு பேர் ஆயிற்று. மாதமோ அன்றோடு முடிகிறது. எட்டாவது வராவிட்டால் ஓசூர் கிளைக்கு மாற்றல் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டு சொல்கிற மேனேஜர்கள்தான் சொன்னதைச் செய்கிறவர்கள். அவன் மனைவி சாண்ட்ராவுக்கு ராயபுரத்தில் நர்ஸ் வேலை, மகளுக்கும் அங்கேதான் பள்ளிக்கூடம். அவன் மட்டும் ஓசூரில் ரூம் எடுத்துத் தங்க வேண்டியதுதான்.

ஊரெல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் சொந்த அக்கா வண்டியிலேயே கண் வைத்தான். அக்கா ஆன்சிக்கு நாற்பத்தைந்து வயசு. பதினெட்டு வருஷமாக ஒரே பிக்கப்பை அவளே ஓட்டுகிறாள், முக்கால்வாசி ரிப்பேரையும் அவளே பார்க்கிறாள். அத்திப்பட்டுப் பக்கம் உப்பங்கழியில் பிடிபடும் இறாலையும் நண்டையும் ஐஸோடு ஏற்றிக்கொண்டு வந்து ராயபுரத்தில் ஒரு மீன் கம்பெனியில் இறக்குவாள். அந்த வண்டி எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் அதை வாங்கி ஓட்ட யாரும் வரமாட்டார்கள். நேரே சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குப் போய்த் துண்டு துண்டாகிவிடும். இது டெரிக்குக்கும் தெரியும், ஆன்சிக்கும் தெரியும்.

ஓசூர் விஷயத்தை மட்டும் அவன் அக்காவிடம் சொல்லவில்லை. எல்லாம் உன் நல்லதுக்குத்தான், நடுரோட்டில் நின்றுவிட்டால் பொம்பளை நீ என்ன செய்வாய் என்று உருக்கமாகப் பேசினான். சொந்தக்காரர்கள் இந்தச் சுருதியில் பேச ஆரம்பித்தால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது நல்லது. ஆன்சி சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. மாதக் கடைசி நாளான புதன்கிழமை தன்னோடு ஒரு டிரிப் வரச் சொன்னாள், வந்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்றாள்.

வந்தான். இஸ்திரி போட்ட கம்பெனிச் சட்டை, கையில் போன். வண்டியில் என்னென்ன குறை என்று வழிநெடுக அதில் குறித்துக்கொள்வதாகத் திட்டம். அக்காவிடம் வாசித்துக் காட்டினால் வேலை சுலபமாக முடிந்துவிடும் அல்லவா?

அத்திப்பட்டில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். மீன் வண்டி என்றால் அவனுக்கு அத்துப்படி. ஐஸும் உப்பும் கலந்த தண்ணீர் ஓயாமல் ஒழுகி, நாலைந்து வருஷத்தில் தகரம் அரித்து, அடிச்சட்டமான சேஸை விரலால் சுரண்டினாலே பொருபொருவென்று உதிரும். எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். ஒரு இடத்தில்கூடத் துரு இல்லை. பின்பக்கத் தரையை லேசாகச் சரித்து, ஓரத்தில் ஒரு தகரக் கால்வாய் பற்றவைத்து, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைச் சேஸில் படாமல் வெளியே இறக்கிவிட்டிருந்தாள். ஒழுகுகிற தண்ணீரெல்லாம் ஒழுங்காகத் தார் ரோட்டில் விழுந்தது. குழாய் இல்லாத இடங்களில் கழிவு ஆயில் பூசி, பழம்புடவைத் துணியால் துடைத்து வைத்திருந்தாள்.

அவன் ஷோரூமில் இரண்டு வருஷத்து வண்டிகள்கூட இவ்வளவு சுத்தமாக அடி காட்டியதில்லை. இதைப் போனில் என்னவென்று குறிப்பது? ஒன்றும் குறிக்காமல் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டான். அவனுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

கிளம்பிய பிறகும் அப்படித்தான். எங்கே நிறுத்தினாலும் ஆன்சி இறங்கி நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். பின் இடது சக்கரத்தில் மட்டும் இரண்டு தடவை வைத்தாள். பேரிங்கா என்று டெரிக் ஆவலாகக் கேட்டான். பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துவிட்டேன், வீட்டுக்குப் போய்த் தளர்த்த வேண்டும் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவனுடைய ஷோரூமில் இதைக் கண்டுபிடிக்க ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், மூன்று கையெழுத்து தேவை.

எண்ணூர் முகத்துவாரப் பாலம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், வழக்கம்போலக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. காலை மணி எட்டே முக்கால். பத்து மணிக்கு மேல் போனால் கம்பெனியில் சரக்கை உள்ளே விடமாட்டார்கள். வரிசை நகர்ந்தது, ஆன்சி காலை அழுத்தினாள். 'டக்' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டர் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. என்ஜின் அணையவில்லை, ஆனால் வேகம் எடுக்கவும் இல்லை. கேபிள் அறுந்துவிட்டது.

டெரிக்குக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, ஷோரூமில் சொல்லி இழுவை வண்டி வரவழைக்கிறேன், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் என்று போனை எடுத்தான்.

"அதுக்குள்ள எறா நாறிப்பூடும். போன உள்ள வை," என்று சொல்லிக்கொண்டே ஆன்சி வண்டியை ஓரம்கட்டினாள்.

சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் ஸ்பேர் கேபிள், ஃபேன் பெல்ட், ஹோஸ் எல்லாம் வைத்திருப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். அன்றைக்குப் பெட்டியில் ஒரு சுருள் நைலான் கயிறு மட்டும்தான் கிடந்தது. மற்றதை எல்லாம் வெற்றிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். வெற்றி என்பவனும் அதே தடத்தில் பிக்கப் ஓட்டுகிறவன். பாத்திரம் அறியாமல் தானம் செய்கிறாளே என்று டெரிக் மனசுக்குள் அலுத்துக்கொண்டான்.

அவள் பானெட்டைத் தூக்கினாள். கேபிள் போய் இழுக்க வேண்டியது டீசல் பம்பின் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோலை. டெரிக் தானும் ஏதோ செய்ததாக இருக்கட்டும் என்று கயிற்றை வாங்கி அதில் முடிச்சுப் போட்டான். இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆன்சி அதை வாங்கி, காத்திவாக்கத்தில் வலை பின்னுகிறவர்கள் போடும் முடிச்சு ஒன்றை இரண்டு சுற்றில் போட்டு இறுக்கினாள். அது அசையவில்லை. கயிற்றைப் பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக எடுத்து, இடது பக்க ஜன்னலுக்குள் விட்டு, மறுமுனையைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"நா கிளட்சையும் பிரேக்கையும் பாத்துக்கறேன். இனிமே நீதான் ஆக்சிலேட்டரு," என்றாள்.

முதல் தடவை அவன் வெடுக்கென்று இழுத்தான். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது, முன்னால் நின்ற டிரெய்லரின் பின்புறம் மூக்குக்கு நேரே வந்தது. ஆன்சி எப்படியோ நிறுத்தினாள். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. ராயபுரம் கோயில் சாமியார் காதில் விழுந்திருந்தால் ஒரு வாரம் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்.

பாலம் ஏறும்போதுதான் உண்மையான சோதனை. முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர், நடுவில் ஒரு டன் ஐஸும் இறாலும். ஏற்றத்தில் பின்னால் உருண்டால் அவ்வளவுதான். ஆன்சி அவன் பக்கம் திரும்பவே இல்லை. தலையை லேசாகச் சாய்த்து என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டாள். "இஸ்து. மெதுவா. இன்னும் கொஞ்சம். போதும், அப்டியே வையி. வுடு," என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் கிளட்சை விடுகிற அதே நொடியில் அவன் இழுத்தாக வேண்டும். அரை நொடி தவறினால் வண்டி திணறப் பார்த்தது, திணறுவதற்கு முன்பே அவள் கால் சரி செய்துவிட்டது. எங்கே எவ்வளவு டீசல் கேட்கும் என்று அந்த என்ஜினுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாலத்தின் உச்சியைத் தாண்டியபோது டெரிக்குக்கு உள்ளங்கை சிவந்து, கம்பெனிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தான், கடைசி இரண்டு தடவை வண்டி நகர்ந்தபோது அவள் ஒன்றும் சொல்லவே இல்லை. அவனே சத்தத்தைக் கேட்டு இழுத்திருக்கிறான், விட்டிருக்கிறான். பதினோரு வருஷம் வண்டிகளோடு வேலை பார்த்தவனுக்கு ஒரு வண்டி தன் கையில் உயிரோடு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு பொம்பளைக்குத் தான் தம்பி என்பதில் பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையோடு சேர்ந்து வெட்கமும் வந்தது.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ராயபுரத்தில் வண்டி கம்பெனிக்குள் நுழைந்தது. பெட்டிகளை எண்ணி இறக்கிய சூப்பர்வைசர் அருள்நாதன், ஆன்சி கைகழுவப் போயிருந்த நேரத்தில் டெரிக்கிடம் பேச்சுக் கொடுத்தார். இவ்வளவு வருஷம் ஒரு நாள் தவறாமல் வந்த வண்டி, நாளையிலிருந்து வராது என்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார். டெரிக் விழித்தான்.

"போன வாரமே சொல்ட்டாங்களே. புது வண்டி வர்ற வரிக்கும் வெற்றி வண்டி வரும்னாங்க. சாமானெல்லாம்கூட அவனாண்ட குடுத்துட்டாங்க," என்றார் அவர்.

அப்படியென்றால் ஓசூர் விஷயம் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. போன வாரமே முடிவு செய்தவள்தான் இன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சக்கரத்தில் புறங்கை வைத்தாள்.

வெளியே வந்தபோது ஆன்சி கம்பெனிக் குழாயில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓசூர் விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். சாண்ட்ரா பத்து நாளைக்கு முன்பே வந்து அழுதுவிட்டுப் போனாள் என்று அவள் தேய்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு ஏன் என்னை டிரிப்புக்குக் கூப்பிட்டாய் என்று கேட்டான். கடைசி டிரிப், தனியாக ஓட்ட மனசு வரவில்லை என்றாள்.

"சாயந்திரம் இரும்புக்குப் போற வண்டிதானக்கா இது. எதுக்குக் கழுவுற?"

ஆன்சிக்குக் கேள்வியே புரியவில்லை. "உப்புத் தண்ணி கீதுடா. அப்டியேவா வுடுவாங்க?" என்றாள்.

டெரிக் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டான். எட்டாவது வண்டி வராது என்றான். வண்டியில் அப்படி என்ன கோளாறு என்று அவர் கேட்டார். கோளாறு ஒன்றும் இல்லை சார், அதனால்தான் வராது என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆன்சி துடைப்பத்தைக் கீழே போட்டாள். "உனக்கு இன்னா பைத்தியமா? புள்ளைக்கு இன்னாடா பதில் சொல்லுவ?"

"ஓசூருக்கு பஸ்ஸு கீதுக்கா. வாராவாரம் வந்துட்டுப் போறேன்," என்றான் டெரிக்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போய்விட்டாள். டெரிக் கம்பெனிச் சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, இரண்டாவது குடத்தைத் தூக்கினான்.