மிதவைச் சட்டை

...தூண்டிலுக்கு ஈயக்குண்டு நான்கு போதும், ஆறு எதற்கு, அலையோரம் நடக்கிறவனுக்குத் தோளில் ஏறும் ஒவ்வொன்றும் பாரம், சுமை குறைந்தால் வீச்சு நீளும், கிழங்கான் மீன் தூரத்தில்தான் மேயும், இதைத்தானே முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறோம் என்று சதயுகி இரண்டு குண்டுகளைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தான். தொகுஜியிடமும் இதையேதான் சொன்னான். தங்கை மித்ஸுவேயின் புருஷன், நீச்சல் தெரியாதவன், புதிதாக மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு குஜுகுரி கடற்கரை மணலில் வந்து நின்றான். "என்ன மச்சான், திமிங்கிலம் பிடிக்கப் போறியா? முழங்கால் தண்ணிக்கு இவ்வளவு கவசமா?" என்றான் சதயுகி, கூட இருந்த நாலு பேர் சிரித்தார்கள்... அடுத்த ஞாயிறு அது இல்லாமல் வந்தான், அலை இழுத்துக்கொண்டது. மார்பு வரை ஏறும் ரப்பர் உடைக்குள் கடல் புகுந்தால் ஒரு மனிதன் எவ்வளவு கனம், இழுத்த கைக்குத்தான் தெரியும். கை நழுவியதா, இவனே விட்டானா? போலீஸ்காரரிடம் நழுவியது என்றான்.

நேற்று நாற்பத்தொன்பதாம் நாள் துக்கச் சடங்கு முடிந்தது, இனி இறந்தவர் பொருட்களை நெருங்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், இவனும் மறுபடி கடற்கரைக்குப் போகலாம். வாசலில் மித்ஸுவே. செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே துணி மூட்டையை அவிழ்த்தாள். தொகுஜியின் தூண்டில் ரீலாக இருக்கும் என்று நினைத்தான்.

"ரீலை அவரோட தம்பி கேட்டாரு, குடுத்துட்டேன். ஒனக்கு இதுதாண்ணா."

மிதவைச் சட்டை. உப்புக்கறை கூட ஏறாதது.

"எனக்கெதுக்கும்மா..."

"போடு. தொப்பைக்குப் பத்துமான்னு பாக்கணும்."

கைகளை நுழைத்தான், இறுக்கியது, அவள் குனிந்து பக்கப் பட்டையைத் தளர்த்தினாள், தலையில் நரை, எப்போது வந்தது, போன மாதம் இருந்ததா...

"அன்னிக்கு இதை ஏன் வீட்லயே வெச்சுட்டுப் போனாரு, ஒனக்குத் தெரியுமா?"

இப்போது சொல்லிவிடலாம், ஒரே வாக்கியம்தான், நான்தான் சிரித்தேன் என்று, வாய் திறந்தது.

"வெயில்... புழுக்கமா இருந்திருக்கும்."

"அன்னிக்கு மழைண்ணா."

அவள் நிமிரவில்லை. மறுபக்கப் பட்டைக்கு நகர்ந்தாள், இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள், கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஏழாம் நாள் சடங்கிலும் பக்கத்தில் உட்காரவைத்து இவனுக்குத்தானே முதல் தேநீர் ஊற்றினாள்... அவளுக்கு அப்போதே தெரிந்திருந்ததா?