மறுமுனைப் பெண்

வள்ளியம்மாளை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது மேல்தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. குறுகலான படிக்கட்டு என்பதால் பெட்ஷீட்டில் கிடத்தி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கீழே வாசலில் தயாராக இருந்த பாடையின் மேல் தண்ணீர் நேராக விழுந்தது.

"மோட்டாரை அணைங்கப்பா," என்றார் யாரோ.

அணைக்க ஒருவரும் நகரவில்லை. ஆறு குடித்தனம் உள்ள அந்தக் கட்டிடத்தில் மோட்டாரைப் போட ஆறு வீட்டிலும் ஆள் உண்டு. ஞாபகமாக அணைப்பதற்கு வள்ளியம்மாள் ஒருத்திதான். கடைசியில் அவள் மகள் தாரிணிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், படிக்கு அடியிலிருந்த சுவிட்சை அணைத்தாள். திரும்பி வந்தபோது அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பாத்தியா, அந்த வேலைக்கு ஆள் வந்தாச்சு' என்று இந்த நேரத்திலும் நினைக்கிறாரோ மனுஷன்?

நினைக்கக்கூடியவர்தான். சந்திரசேகரன் செகந்திராபாத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் சமூகவியல் நடத்தியவர். ஃபங்ஷனலிசம் அவருக்கு ஊறுகாய் மாதிரி, எல்லாவற்றோடும் கொஞ்சம் வேண்டும். சமூகம் ஓர் உடம்பு. வழக்கங்களும் உறவுகளும் அதன் உறுப்புகள். ஒரு பழக்கம் நிலைத்திருக்கிறது என்றால் அதனால் ஏதோ ஒரு பிரயோஜனம் இருந்தே தீரும். ஒருவர் போனால் அந்த வேலைக்கு இன்னொருவர் வருவார், உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். உதாரணம் தேடி அவர் தூரம் போனதே இல்லை. "என் வீட்டையே எடுத்துக்கோங்க," என்று ஆரம்பித்து வள்ளியம்மாளில் முடிப்பார்.

தாரிணியும் அதே பாடத்தை எடுத்துப் படித்தாள். அப்பாவோடு சண்டை போடுவதற்கென்றே படிக்கிறாளோ என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

"உடம்பு ஓடுது, சரி. யார் முதுகுல ஓடுதுன்னு உங்க ஆளுங்க கேக்கவே மாட்டாங்களா?" என்பாள் தாரிணி. "உங்க தியரியில ஆளே இல்லப்பா. வேலை மட்டும்தான் இருக்கு."

"ஆள் மாறும்மா. வேலை மாறாது."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருமுறை தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அப்ப நான் போயிட்டா இந்த வெண்டைக்காயை யாரு நறுக்குவா?"

"யாராவது நறுக்குவாங்க," என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். தாரிணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பதில் சொல்ல முடியாமல் திணறியது ஒரே ஒரு விஷயத்தில். கேஸ் சிலிண்டரை ஃபோனில் புக் பண்ணும் முறை வந்த பிறகு அம்மா ஸ்பீக்கரைப் போட்டு, அந்தத் தெலுங்குப் பெண்குரல் சொல்லச் சொல்ல எண்களை அழுத்துவாள். கடைசியில் அது "தன்யவாதாலு" என்று நன்றி சொன்னதும், "சரிம்மா, சாப்பிட்டியா? உடம்பைப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பாள்.

"அது ரெக்கார்டு பண்ணின குரல்டி," என்பார் அப்பா.

"இருக்கட்டும். நமக்காக இவ்வளவு நேரம் பேசுதா. ஒரு வார்த்தை சொல்லாம வெச்சா நல்லாவா இருக்கும்?"

"இந்தப் பழக்கத்துக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்க பாப்போம்," என்று தாரிணி மடக்கினாள். அப்பா கண்ணாடியைத் துடைத்தார். யோசிக்க வேண்டும் என்றார்.

இன்று விடியற்காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்த அம்மா, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். எதிர் வீட்டு லூர்துமேரி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். ஒரு பாத்திரம் நிறைய உப்புமா கொண்டுவந்து வைத்தாள். தாரிணி துடைப்பத்தை எடுக்கப் போனபோது பிடுங்கிக்கொண்டாள்.

"நக்கோம்மா, வேண்டாம், நீ உக்காரு. இன்னைக்காச்சும் உக்காரு."

அத்தை அப்படி விடுகிறவள் இல்லை. அப்பாவின் அக்கா ருக்மிணி, லோத்குண்டாவில் மகன் வீட்டில் இருப்பவள். அலமாரிச் சாவி எங்கே, விளக்குத் திரி எங்கே, தம்பியின் பிரஷர் மாத்திரை எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டு தாரிணியிடமே ஒப்படைத்தாள். தாரிணியும் மறுக்காமல் செய்துகொண்டே போனாள். செய்யச் செய்யப் பயம்தான் கூடியது.

டெல்லியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "நீ டிக்கெட்டை எடு. அப்பாகிட்ட நான் பேசுதேன்," என்று போன வாரம் சொன்னாள். பேசினாளா இல்லையா என்று கேட்க இனி ஆள் இல்லை. 'தாரிணி, நீ இங்கேயே இரும்மா' என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தன்னால் மறுக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அம்மா செத்த அன்று இதை நினைக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்து, குளித்து, ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் அழவில்லை. அத்தை எதிரில் வந்து தரையில் அமர்ந்தாள்.

"ஏலே சந்திரா, இனி வீட்டை இவதான் பாத்துக்கிடணும். இவ காலேஜ், படிப்புன்னு அலைஞ்சதெல்லாம் போதும். உனக்கு வேளா வேளைக்குச் சோறு வேண்டாமா? நான் சொல்லுதது சரிதானே?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தாரிணி அடுக்களையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, முதுகு முழுக்கக் காதாக நின்றாள்.

பால் சூடேறுவதற்குள் அடுப்பு நீலமாகச் சுருங்கி அணைந்தது.

வீட்டில் இருந்த ஒரே மாற்றுச் சிலிண்டரை அவள் உருட்டி வந்து மாட்டினாள். அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அடுத்ததுக்குச் சொல்லி வெச்சிருட்டி. இனி இதெல்லாம் உன் பொறுப்புதானே."

கேஸுக்குப் பதிவு செய்திருந்தது அம்மாவின் நம்பர். ஃபிரிட்ஜ் மேலிருந்த அம்மாவின் செல்ஃபோனை தாரிணி எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் மஞ்சள் கறை இருந்தது.

"குடு," என்றார் அப்பா.

அவர் எழுந்து வந்ததை அவள் கவனித்திருக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றார்.

"நான் பண்றேன்ப்பா."

"குடும்மா."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நம்பரைத் தேடினார். ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பெண்குரல் தெலுங்கில் வரவேற்றது. அவர் ஓர் எண்ணைத் தப்பாக அழுத்தினார்; குரல் கோபப்படாமல் முதலிலிருந்து சொன்னது. இந்த முறை சரியாக ஒன்றாம் எண்ணை அழுத்தினார். பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி முடித்து, அது "தன்யவாதாலு" என்றது.

அப்பா ஃபோனை வைக்கவில்லை. வாயருகே கொண்டுபோனார்.

"வள்ளியம்மா இல்லம்மா," என்றார். "காலையில போயிட்டா."

அத்தை வாயைத் திறந்தாள். தாரிணி அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"உன்கிட்ட எப்பவும் பேசுவாளே, அவதான். இனிமே நான்தான் பேசுவேன். எனக்கு இது சரியா வராது, கொஞ்சம் பொறுத்துக்கோ." ஃபோனை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "பொண்ணு டெல்லிக்குப் படிக்கப் போறா. ஜூலையில. வள்ளியம்மா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா."

இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது. ஃபோனின் வெளிச்சமும் அணைந்தது. அவர் அதைக் காதுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாரோ சொல்வதைக் கேட்பவர்போல லேசாகத் தலையாட்டினார்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

தாரிணி திரும்பி அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கி வருவதைப் பார்த்தபடி நின்றாள்.