மீன் வணிகரின் பெயர்ச்சீட்டு

1996 டிசம்பரில், தந்தையின் நினைவு நாளன்று, தென் கொரியாவின் ஆண்டொங் ஊரில், வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: வீட்டுக்கு மூத்தவரான பியோ ஹான்-கியூ, அவருடைய தம்பியும் ஓய்வுபெற்ற நீதிபதியுமான ஹான்-மோ, கணவனை இழந்த மருமகள் ஜோங்-ஹ்வா, பேத்தி தா-யோன். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை.

படையலின் முன் வைக்கும் சீட்டில் ஹான்-கியூ தந்தையின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அரசுப் பதவி வகித்தவருக்குப் பதவியை எழுத வேண்டும். வகிக்காதவர் எத்தனை வயதில் இறந்தாலும் 'மாணவர்'. முப்பது வருடமாக அப்படித்தான் எழுதி வருகிறார்.

பக்கத்தில் தா-யோனின் பல்கலைக்கழக விண்ணப்பம் கிடந்தது. பாடம், வணிகவியல். நாளை கடைசி நாள். குடும்பத் தலைவரின் முத்திரை இல்லாமல் அது செல்லாது. படித்தவர்கள் வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரு கடைக்காரியா என்று மூன்று நாளாக அவர் முத்திரைப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"சட்டத்துக்குத்தான் மார்க் இருக்கே, ஏம்மா இப்பிடி?" என்றார் ஹான்-மோ.

"சட்டம் பிடிக்கல சின்னத் தாத்தா. ஒரு கம்பெனி எப்படி நிக்குது, எப்படி விழுதுன்னு படிக்கணும்."

"விடுங்கண்ணே. மீன்கூடை ரத்தம் எங்க போகும்? அப்பா பண்ணின அசிங்கத்தை நாம மூடி வெச்சோம். இவ கடை விரிச்சுக் காட்டப் போறா."

ஹான்-கியூவின் தூரிகை நின்றது. போர் முடிந்து வீடே கைமாற இருந்தபோது, படித்த குலத்தார் அணியும் குதிரைமயிர்த் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, உப்பிட்ட கானாங்கெளுத்திக் கூடையைத் தோளில் ஏற்றியவர் அப்பா.

"அசிங்கமா? அந்தக் கூடைதான்டா உன்னை சியோல்ல சட்டம் படிக்க வெச்சது. லீவுக்கு வந்தா மூக்கைப் பொத்திக்குவ. சோறு மட்டும் ரெண்டு கிண்ணம் இறங்கும்."

"பொண்ணு முன்னாடி எதுக்குண்ணே..."

"அவ முன்னாடிதான் நீயும் பேசின."

"மாமா, சூப் ஆறுது," என்றாள் ஜோங்-ஹ்வா மெதுவாக.

"ஆறட்டும்."

எழுதிய சீட்டைக் கிழித்தார். புதிதாக ஒன்று எடுத்து 'மாணவர்' இருந்த இடத்தில் 'மீன் வணிகர்' என்று எழுதினார்.

"வம்சத்துல கேட்டா என்ன சொல்றது?" ஹான்-மோவின் முகம் வெளுத்திருந்தது.

"என்கிட்ட வந்து கேக்கச் சொல்லு."

பிறகு பேத்தியின் பக்கம் திரும்பினார். "எனக்கு இந்தப் படிப்பு இப்பவும் பிடிக்கல. ஆனா இவன் சொன்ன காரணத்துக்காக வேண்டாம்னு சொன்னா, எங்கப்பாவை நானே வாசல்ல நிறுத்தின மாதிரி." முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, அழுத்திப் பதித்தார்.

சட்டத்தில் இடம் கிடைக்காமல்தான் அவள் வணிகவியலுக்குப் போனாள் என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். சட்டத்துக்கு வேண்டியதைவிடப் பதினொரு மதிப்பெண் அவளுக்கு அதிகம்.