நாலு மணி ஜன்னல்

கண்ணாடிக் கடை அம்மா பேச எழுந்ததும் நான் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தேன். கூட்ட அறையில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில்தான் உட்கார வேண்டும். நடுவில் இருப்பவற்றில் சிவப்பு டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருந்தார்கள். அந்தம்மா இரண்டு பெருக்கல் குறிகளுக்கு நடுவே நின்று, முகக்கவசத்தால் மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியைக் கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தார். நாள் முழுக்க ஊராருக்கு வில்லை தேய்த்துக் கொடுக்கிறவர், தன் கண்ணாடிக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டுமா? பேசித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். பேசாமல் உட்கார்ந்துவிடுங்களேன் என்றும் அதே மனசு கெஞ்சியது.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது வார்டுக்குள் நோயாளிகளின் சொந்தக்காரர்களை இனி விடுவதா, வேண்டாமா. வெளியே தியேட்டர் திறந்தாகிவிட்டது, பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. நாங்கள் மட்டும் தொற்றுக்குப் பயந்து ஒன்றரை வருடமாகக் கதவைச் சாத்தியே வைத்திருந்தோம். உண்மையைச் சொன்னால் நர்ஸுகளில் பாதிப் பேருக்கு அது வசதியாகப் போயிற்று. டாக்டர் எப்போது வருவார், டிரிப் ஏன் நின்றுவிட்டது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் யாரும் பிராணனை வாங்குவதில்லை. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் டாக்ஸிக்காரர் பேசியிருந்தார். அவருடைய அம்மா ஐந்தாம் நம்பர் கட்டிலில் இருக்கிறார். "ஒம்பது நாளாச்சு சார். இப்பல்லாம் போன்ல பேசறதே இல்ல, 'உம்' கொட்டறாங்க, அவ்ளோதான். என் வண்டில தினம் முப்பது பேர் ஏறி எறங்கறாங்க. அவங்க கிட்டேருந்தெல்லாம் வராத வியாதி, பெத்த தாயைப் பார்த்தா மட்டும் வந்துடுமா?"

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளும் இல்லை. அந்த மோசமான நாட்களில் பதினாறு நாள் வீட்டுக்கே போகாமல் ஸ்கேன் அறை பெஞ்சில் படுத்துக் கிடந்த மனுஷன். "உங்களுக்கு வியாதி வரும்னு நான் சொல்லல. உங்க அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல இருக்கறவங்களைப் பத்திச் சொல்றேன். கதவைத் திறந்த இடத்துலல்லாம் மறுபடி வார்டுக்குள்ளயே பரவியிருக்கு. இன்னொரு தடவை அதைப் பார்க்க என் உடம்புல தெம்பு இல்ல." அவர் சொல்வதும் நியாயம்தான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால் கூட்டம் எங்கே முடியும்?

கண்ணாடிக் கடை அம்மாவை அவர்தான் வரவழைத்திருந்தார், குடும்பங்கள் சார்பில் ஒரு வார்த்தை சொல்ல.

"எனக்கு மேடைல பேசிப் பழக்கமில்ல," என்று ஆரம்பித்தார். "ஒண்ணரை வருஷம் முன்ன என் வீட்டுக்காரர் இங்க பதினோரு நாள் இருந்தாரு. ஏழாம் நம்பர், ஜன்னலோரம். தினம் நாலு மணிக்கு நான் கீழ ரோட்டுல நிப்பேன். சிஸ்டர் போன் போடுவாங்க. கடைசி நாளும் போட்டாங்க. 'இன்னிக்கு ஆக்ஸிஜனே எடுத்தாச்சும்மா, பாருங்க'ன்னாங்க. அவரு எனக்குக் கை ஆட்டினாரு. ஒரு மணி நேரம் கழிச்சுப் போயிட்டாரு. கஷ்டப்படாம, சிரிச்சு, கை ஆட்டிட்டுப் போனாரு. உள்ள விட்டிருந்தா நான் அழுது அவரையும் அழ வெச்சிருப்பேன். அதனால, ஜன்னல் போதும்னுதான் எனக்குத் தோணுது. இப்ப இருக்கறவங்களுக்கும் அது போதும்."

டாக்ஸிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் போனைப் போட்டவள் நான்தான்.

அப்போது எங்களுக்கு நாலு மணி என்றால் ஒரு சடங்கு. கீழே நடைபாதையில் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். கட்டில் நம்பரும் போன் நம்பரும் எழுதிய பட்டியல் சுவரில் தொங்கும். கையுறையோடு போனைக் காதில் பிடிக்க முடியாது, அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவோம். ஆளுக்கு இரண்டு நிமிடம். ஜன்னலோரத்தில் இருக்கிறவரை நிமிர்த்தி உட்காரவைப்போம், தெம்பில்லை என்றால் கையை நாங்களே பிடித்து ஆட்டுவோம். சுவரோரத்தில் இருப்பவர்களுக்குப் போன் மட்டும்தான்.

அந்த வார்டில் அது எனக்கு இரண்டாவது நாள். பகல் ஒரு மணிக்கு ஏழாம் கட்டிலின் ஆக்ஸிஜன் குழாயில் கசிவு என்று, அங்கிருந்தவரைச் சுவரோரம் பதினொன்றாம் கட்டிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பதினொன்றில் தேறிவந்துகொண்டிருந்தவரை ஏழுக்கு மாற்றியிருக்கிறார்கள். பட்டியலை மாற்ற யாருக்கும் நேரமில்லை. மூன்று மணிக்கு நான் உள்ளே வருகிறேன், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் திரை, திரை முழுக்க ஆவி. ஏழாம் கட்டிலில் இருப்பவர் மூக்கில் குழாய் இல்லை. அடடே, மனுஷன் தேறிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வாரத்தில் நான் சொன்ன ஒரே நல்ல செய்தி அது. தூக்கக் கலக்கத்தில் இருந்தவரின் கையைத் தூக்கி ஆட்டினேன். அவ்வளவு உயரத்தில் முகமா தெரியும், கீழே அந்தம்மா இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார். ஐந்தேகாலுக்கு, பதினொன்றாம் கட்டில்காரர் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டாக்டர் கேஸ் ஷீட்டைக் கையில் கொடுத்தபோதுதான் பெயரைப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அதன் பிறகு பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது, அந்தத் தெரியாத மனிதரின் கையின் கனம் என் கைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். வலது கைதான் எப்போதும். ஒருநாள் என் மகள் பள்ளிக்கூட வாசலில் நின்று கை ஆட்டியபோது பதிலுக்கு ஆட்ட முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். 'அம்மா என் மேல கோவமா' என்று அவள் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதைவிட நான் என்ன சொல்ல?" என்றார் பெரிய டாக்டர். "இன்னும் ஆறு மாசம் ஜன்னலும் போனும் இப்படியே தொடரட்டும். சரின்னு நினைக்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. என் பக்கத்து நர்ஸ் என்னை முழங்கையால் இடித்தாள். சொன்னால் இந்தம்மாவிடம் மிச்சமிருக்கிற ஒரே நல்ல நாளை நான் பிடுங்கிவிடுவேன். சொல்லாவிட்டால் என் தப்பை முட்டுக்கொடுத்துத்தான் அந்தக் கதவு ஆறு மாதம் மூடியிருக்கும். வேலை போகும் என்பதும் நினைவுக்கு வந்தது, பெரிய மனுஷி மாதிரி அது வரவில்லை என்று சொல்ல மாட்டேன். எழுந்து நின்றேன்.

"சார், அது அவர் கை இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், கட்டில், பட்டியல், எல்லாம். சொல்லி முடித்தபோது தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கியிருந்தன. அந்தம்மா என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப அவரு எங்க இருந்தாரு?" என்றார்.

"பதினொண்ணாம் நம்பர்ல. சுவரோரம். எனக்குப் பின்னால."

"போனை ஸ்பீக்கர்லதானே போடுவீங்க?"

"ஆமாம்மா."

"நான் பேசினது அவருக்குக் கேட்டுச்சா?"

இதுதான் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று ஒன்றரை வருடமாக நான் பயந்த கேள்வி. "கேட்டுச்சு," என்றேன். "நீங்க பேசிட்டிருக்கும்போது அவர் கையைத் தூக்கினாரு. நான் திரும்பினப்ப பார்த்தேன். தண்ணி கேக்கறாருன்னு நினைச்சு, 'இதோ வரேங்க'ன்னு சொன்னேன்."

"வந்தீங்களா?"

"அடுத்தடுத்துப் போன் இருந்துச்சு. முடிச்சுட்டுப் போனேன். அப்ப கையைக் கீழ போட்டுட்டாரு."

டாக்ஸிக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பெரிய டாக்டர் பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார், போட்டார். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். "அந்தக் கட்டிலைப் பார்க்கணும்," என்றார். என்னிடம்தான் சொன்னார், டாக்டரிடம் அனுமதி கேட்கவில்லை. நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டு வாசலில் நான்தான் அவருக்கு அங்கி மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டேன். இரண்டு தரம் முடிச்சு அவிழ்ந்தது. "மெதுவா போடுங்க சிஸ்டர்," என்றார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, முடிச்சு விழும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பதினொன்றாம் கட்டிலில் இப்போது ஒரு நடுத்தர வயதுப் பெண். மூக்கில் குழாய், எட்டு நாளாக வெளி முகம் ஒன்றையும் பார்க்காதவள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"ஊசியா? இப்பதானே குத்தினீங்க, என் கை என்ன சல்லடையா?"

கண்ணாடிக் கடை அம்மா கட்டில் கம்பியைத் தொட்டார். தலைமாட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு அங்கிருந்து திரும்பி, ஜன்னல்வரை எவ்வளவு தூரம் என்று பார்த்தார். ஆறேழு எட்டுதான் இருக்கும்.

"நீங்க டாக்டரா?" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

"இல்ல. பார்க்க வந்தேன்."

"யாரை?"

அந்தம்மா ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உங்களைத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், அந்தம்மாவைப் பார்த்தாள். வார்டுக்குள் யாரும் கட்டிலில் உட்காரக் கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. அவள் முழங்கையை ஊன்றி, மூச்சு வாங்க, இரண்டு கால்களையும் சுவர்ப் பக்கம் நகர்த்தினாள். கசங்கிய விரிப்பைக் கையால் நீவி, உட்கார இடம் விட்டாள்.